அம்மாவுக்கு கீமோ, வீட்டில் ஒரே சம்பளம்: சிங்கப்பூரில் யாரிடம் போய் நிற்பது?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், உங்கள் ஒரு சம்பளத்தில்தான் குடும்பம், செலவை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். அம்மா அரசு மருத்துவமனையில்தான் பார்க்கிறார் என்றால், மருத்துவ சமூகப் பணியாளரை (செலவுக்கு உதவி பெற வழிகாட்டும் மருத்துவமனை ஊழியரை) சந்திக்க வேண்டும் என்று தாதியிடம் இன்றே சொல்லுங்கள். பில் குவியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அரசு மானியம், மெடிஷீல்டு லைஃப் (அரசின் மருத்துவக் காப்பீடு), அம்மாவின் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எல்லாம் போக மீதியை உங்கள் மெடிசேவிலிருந்தும் கட்டலாம். அதற்கு வரம்பு உண்டு. அப்புறமும் முடியவில்லை என்றால், மெடிஃபண்ட் என்ற அரசு உதவி நிதி. அது குடிமக்களுக்கு மட்டும். அந்தப் பணியாளர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுச் செலவே திண்டாட்டமாகிவிட்டால் உங்கள் வட்டார சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் (வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு உதவி) கேளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: 2022 செப்டம்பர் முதல், வெளிநோயாளி சிகிச்சையில் அரசின் பட்டியலில் உள்ள புற்றுநோய் மருந்துகளுக்குத்தான் மெடிஷீல்டு லைஃப் பணம் தருகிறது. புது மருந்து எழுதும்போதே, “இது பட்டியலில் இருக்கா டாக்டர், மாசம் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டுவிடுங்கள். இதைக் கேட்பதில் வெட்கமே கூடாது.

வீட்டில், கீமோவுக்குப் பிறகு வாய்ப்புண் வந்தால் காரம் ஆகாது. ஆறிய கஞ்சி இறங்கும். தெர்மாமீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பனடால் மாத்திரை கொடுத்து விடியும்வரை பார்க்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போய், கீமோ நடக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.