கூரை மடங்கும் பழைய கார்கள்: கேள்வி பதில்

சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைகளைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ‘என் வண்டி என்ன விலைக்குப் போகும்?’ என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அது புரோக்கர் வேலை.

குரோம்பேட்டை: தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு பல வருடங்களாக ஷெட்டில் நிற்கிறது. கூரை மடங்கும் மாடல். பேட்டரி மாற்றி ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, பெயின்ட்டுக்கு விடலாமா அண்ணே?

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. 1961 முதல் வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தார்கள். ஆனால் நீங்கள் சொன்ன இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள் தம்பி.

முதலில் நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் வண்டியை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் நல்லது. அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், ரிங் பிடித்திருக்கும். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பொறுங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடுங்கள். இன்ஜின் ஆயிலை இறக்கிப் புதிதாக 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்.

இதெல்லாம் முடிந்தாலும் உடனே ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள், பிரேக் பாக்கி இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, ரப்பர் கிட் மாற்றி, டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, குழாயில் சிக்கிய ஏரை எடுங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நம்ம ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுங்கள்.

பெயின்ட் கடைசியில். கொஞ்ச நாள் ஓட்டினால்தான் எங்கே வெல்டிங் வேண்டும், எங்கே ஆயில் ஒழுகுகிறது என்பதெல்லாம் தெரியும். பெயின்ட் அடித்து முடித்த வண்டியில் வெல்டிங் பொறி பறப்பதைப் பார்க்கிற தைரியம் எனக்குக் கிடையாது.

அண்ணா நகர்: என் வண்டி எம்ஜிபி, கூரை மடங்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் துரு. ஒரே நாளில் இரண்டு பக்கத்தையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துத் தருகிறேன் என்கிறார் டிங்கரிங் மாஸ்டர். நம்பலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்த வேலையில் அவசரப்பட்டால் வண்டியே கோணிவிடும்.

எம்ஜிபிக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடிதான் சேசிஸ். சாதாரணக் காரில் கூரையும் பாரம் தாங்கும். கூரை இல்லாத காரோ மூடி இல்லாத அட்டைப்பெட்டி மாதிரி, லேசாக முறுக்கினாலே கோணிக்கொள்ளும். அதைத் தாங்கிப் பிடிப்பது கதவுக்குக் கீழே ஓடுகிற அந்தப் பெட்டித் தகடுதான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் நடுப்பகுதி தொய்யும். அதே நிலையில் புதுத் தகட்டை வெல்டு செய்துவிட்டால், அந்தத் தொய்வு நிரந்தரம். கதவு மேலே இடிக்கும், கீழே இடைவெளி விடும்.

சரி, எப்படிச் செய்வது? வெட்டுவதற்கு முன் கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை மேலே, நடுவே, கீழே என்று அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். பிறகு கதவைக் கழற்றி, முன் கீல் தூணுக்கும் பின் லாக் தூணுக்கும் குறுக்கே சதுரக் குழாய் வைத்து வெல்டு செய்யுங்கள். வண்டியைச் சமதரையில், பாரம் சக்கரங்களுக்குப் போகும் இடத்திலேயே தாங்கி நிறுத்த வேண்டும். நடுவில் ஜாக்கி கொடுக்கக் கூடாது. ஒரு பக்கத்தை முழுக்க முடித்து, கதவை மாட்டி, டேப்பில் எழுதிய அளவு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பக்கம். சிஓடூ வெல்டிங்காக இருக்கட்டும். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் மெல்லிய தகடு நெளிந்துவிடும். வெல்டிங் பொட்டு வைக்கும் இடமும் முக்கியம். இங்கே ஒரு பொட்டு, எதிர் முனையில் ஒரு பொட்டு என்று மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, அப்புறம்தான் நடுவில் நிரப்ப வேண்டும். நீளமாக ஒரே இழுப்பில் இழுக்கிற ஆளாக இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஹெரால்டுக்கும், ட்ரயம்ஃப் கம்பெனியின் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான ஸ்பிட்ஃபயருக்கும் தனி சேசிஸ் உண்டு. அதில் ஹெரால்டு கொஞ்சம் பிழைத்தது. ஸ்பிட்ஃபயரில் கதவுக்குக் கீழே உள்ள தகடும் பாரம் தாங்குகிறது. அதற்கும் இதே கவனம் வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டாத இடமெல்லாம் பட்டி.

மேற்கு மாம்பலம்: ஸ்பிட்ஃபயரின் முன் சக்கரத்துக்கு உள்பக்கம் கீழே இருக்கும் நிப்பிளில் மெக்கானிக் கிரீஸ் அடிக்கிறார். சரிதானே?

சரியில்லை. ஹெரால்டுக்கும் இதே கதைதான். அந்த இடத்துக்குப் பெயர் ட்ரனியன். உள்ளே மரை வெட்டிய பித்தளைத் துண்டு, அதற்குள் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் மரை. ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் சுற்றுகிறது. கிரீஸ் உள்ளே இறங்காமல் மேலேயே கட்டி தட்டிவிடும், கீழே தண்ணீர் தேங்கி இரும்பு அரிக்கும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பெரும்பாலும் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போதுதான் நடக்கும் என்கிறார்கள். வேகத்தில் நடக்காது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

கியர் ஆயில் ஈபி90 தான் வேண்டும். பழைய கிரீஸ் கன் ஒன்றைக் கழுவி, ஆயில் நிரப்பி, இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்து, ஆயில் மேலே கசியும்வரை அடித்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்புங்கள். தரையில் சொட்டத்தான் செய்யும், கவலை வேண்டாம்.

வேளச்சேரி: என்னுடையதும் ஸ்பிட்ஃபயர்தான் சார். சிக்னலில் நின்றால் சூடு ஏறுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடச் சொல்கிறார்கள்.

கழற்றிப் போட்டால் இன்ஜின் காலையில் சூடேறவே நேரமாகும், தேய்மானம் கூடும். அதைப் பாத்திரத்தில் வெந்நீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் அடித்திருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் திறந்தால் அது நல்ல தெர்மோஸ்டாட், குற்றம் வேறெங்கோ.

நின்றால் மட்டும் சூடு என்றால் காற்று போதவில்லை. ஓடும்போதும் சூடு என்றால் ரேடியேட்டர் அடைப்பு. உங்களுடையது முதல் வகை. ஸ்பிட்ஃபயரில் ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் கெட்டி அட்டைத் தடுப்பு இருக்கும். காற்று பக்கவாட்டில் தப்பிக்காமல் ரேடியேட்டர் வழியாகவே போவதற்காக. முக்கால்வாசி வண்டிகளில் அது மக்கிப் போய், யாரோ தூக்கி எறிந்திருப்பார்கள். தகட்டிலோ பிளாஸ்டிக் ஷீட்டிலோ வெட்டி வைத்துவிடுங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால் எலக்ட்ரிக் ஃபேன். போர் தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது, நம்ம போர் தண்ணீர் உப்பு உள்ளே படிந்து கல்லாகிவிடும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் ஊற்றுங்கள்.

பெரம்பூர்: 13 ஸ்பேனர் எல்லா நட்டிலும் வழுக்குகிறது.

உங்கள் வண்டி அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர், அதனால்தான் 13 மாட்டும், ஆனால் முனையைத் தின்றுவிடும். 7/16, 1/2, 9/16 மூன்றும் வாங்கினால் முக்கால்வாசி வேலை ஓடும்.

போரூர்: எம்ஜிபி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு பெட்ரோல் வாடையும் அடிக்கிறது, இழுவையும் குறைந்திருக்கிறது.

இரண்டும் தனித்தனிப் பிரச்சினை. வாடைக்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர்தான். பழைய ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், சீல் எதுவும் எத்தனாலுக்காகச் செய்ததல்ல. எத்தனாலுக்கு ஏற்றது என்று போட்டிருக்கும் ஹோஸை டேங்கிலிருந்து கார்புரேட்டர்வரை மாற்றுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், கீழே சைலன்சர் சூடாக இருக்கிறது.

இழுவைக்கு மிக்ஸ்சர், அதாவது காற்றும் பெட்ரோலும் கலக்கிற அளவைப் பாருங்கள். எத்தனால் கலந்தால், பெட்ரோல் வரும் அதே ஜெட்டில் மிக்ஸ்சர் லீனாகிவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றி, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனை மயிரிழை அளவு தூக்குங்கள். சத்தம் லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஏறி அப்படியே நின்றால் ரிச் (எரிபொருள் அதிகம்), தடுமாறி அணையப் பார்த்தால் லீன். லீன் என்றால் அடியில் இருக்கும் ஜெட் நட்டை ஒரு பட்டை அளவு கீழே இறக்கி மறுபடி பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கில் இந்தப் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். எத்தனால் தண்ணீரை இழுத்து அடியில் தங்கவைக்கும்.

பெசன்ட் நகர்: துணிக்கூரையின் பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளாகி வெடிக்கிறது. வண்டி திறந்த வெளியில்தான் நிற்கிறது.

வெடித்த பிளாஸ்டிக்குக் கைவைத்தியம் இல்லை மேடம், அந்தத் துண்டை மட்டும் மாற்றித் தைக்கலாம். சீட் தைப்பவர்களே செய்வார்கள். புதியதை மடக்கும்போது நடுவே மெல்லிய துணி விரியுங்கள். ஈரத்தோடு மடக்கினால் பூஞ்சைதான். கடற்கரை உப்புக்கு வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் போதும், அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். தார்ப்பாய் வேண்டாம், ஈரம் உள்ளேயே வேகும். பருத்திக் கவர் போடுங்கள்.

வில்லிவாக்கம்: ஸ்பேர் எல்லாம் லண்டனிலிருந்துதான் வர வேண்டுமா?

ட்ரனியன், கார்புரேட்டர் கிட் மாதிரியானவை அங்கிருந்துதான். பேரிங் என்றால் அதன் மேல் உள்ள நம்பரைத் துடைத்துப் படியுங்கள், ஆயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் அளந்துகொள்ளுங்கள். ஜி.பி. ரோட்டில் பெரும்பாலும் கிடைத்துவிடும். கார் பெயரைச் சொல்லிக் கேட்டால் ‘இல்லை சார்’ என்பார்கள், அளவைச் சொல்லிக் கேளுங்கள். புஷ், ஸ்பேசர் எல்லாம் புதுப்பேட்டை லேத்தில் கடைந்துகொள்ளலாம். பழையதை மாதிரிக்குக் கையோடு கொண்டுபோங்கள்.

தி. நகர்: விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் எடுப்பது நல்லதா?

2021 விதிப்படி 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்குத்தான் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட அனுமதி கிடையாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று மட்டும்தான் எடுக்கலாம். ஞாயிறு காலை ஈசிஆர் போய் இட்லி சாப்பிட நினைப்பவர் வழக்கமான ஆர்சியைப் புதுப்பித்து ஓட்டுவதே மேல்.

முடிச்சூர்: டிசம்பர் மழையில் தண்ணீர் கதவுவரை ஏறிவிட்டால்?

சாவியைத் தொடாதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். இன்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றின் ஆயிலையும் இறக்குங்கள், பால் போல வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பிரேக் டிரம்மையும் வீல் பேரிங்கையும் திறந்து துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள். சீட், கார்ப்பெட், அடியில் இருக்கும் ஃபெல்ட் எல்லாவற்றையும் அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். ஃபெல்ட் காய்ந்துவிட்டது என்று மேலே தொட்டுப் பார்த்து முடிவுகட்டாதீர்கள், அடிப்பக்கம் ஈரமாகவே இருந்து தரைத் தகட்டை அரிக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே மலிவு.