கேள்வித்தாளோடு நாலு நாள் போய்வந்தால் மானுடவியல் களப்பணி ஆகிவிடாதா?

ஆகாது. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்களிடம் முதல் வாரமே "தீவுக்குப் போவீங்களாக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே பாசி எடுக்கத் தடை, கேட்கிற ஆள் வனத்துறையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மாதக்கணக்கில் கூடவே இருந்து, துணி சுற்றிய விரலால் மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பிய்ப்பதைப் பார்த்த பிறகுதான் பேச்சே மாறும். அன்று ராத்திரியே குறிப்பு எழுதிவிடுங்கள்.

அப்புறம் தனியாக இன்னொரு நோட்டு வேண்டும்: யார் மேல் எரிச்சல் வந்தது, யார் வீட்டில் அதிகம் சாப்பிட்டேன், அதனால் யார் என்னிடம் பேசாமல் விலகினார்கள். மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி பசிபிக் தீவுகளில் களப்பணி செய்தபோது எழுதிய நாட்குறிப்பு அவர் இறந்த பிறகு 1967-இல் வெளிவந்தபோது, அந்தத் தீவு மக்கள் மேல் அவருக்கிருந்த கோபமும் சலிப்பும் அப்படியே தெரிந்தது. ஆய்வில் பெயரையும் தீவையும் மட்டும் மாற்றிவிடுங்கள், அது அவர்கள் பிழைப்பு.