மகனின் பென்டிரைவ்

கேள்வி: என் மகன் ராணுவத்தில் சிப்பாய். லீவில் வந்தவன், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு செல் கடையில் பென்டிரைவ் நிறைய புதுப் பாட்டு ஏற்றி வந்திருக்கிறான். போதாதென்று ராத்திரியில் தக்காளி கிரேடு மேல் உட்கார்ந்து போனிலும் டவுன்லோடு. யூனிட்டில் கூட இருக்கும் பையன்களுக்கும் கொடுப்பானாம். திருட்டுப் பாட்டு வைத்திருந்தால் வேலையே போய்விடும் என்கிறான் என் மச்சான் மகன். நிஜமா?
- ஒரு விவசாயி, பாலக்கோடு

பதில்: ஐயா, பாட்டு கேட்டான் என்பதற்காக மட்டும் யாரும் உங்கள் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. ஆனாலும் உங்கள் மச்சான் மகனை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். உங்களையும் என்னையும் கட்டுப்படுத்துவது ஒரு சட்டம். சிப்பாய்க்கு அதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது.

முதலாவது 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம். தெரிந்தே மீறினால் 63-வது பிரிவில் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் தகுந்த காரணம் காட்டி கோர்ட் குறைக்கலாம். சொந்த உபயோகத்துக்கு விலக்கும் உண்டு. ஆனால் திருட்டுப் பிரதியை வாங்கி ஊருக்கெல்லாம் பகிர்கிறவர் அந்த விலக்கை நம்பி உட்கார முடியாது. இது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, கோர்ட் மனது வைத்தால்தான் கிடைக்கும் குற்றம் என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது.

இரண்டாவது, 1950-ஆம் வருட ராணுவச் சட்டம். வெளியில் குற்றமான ஒன்றைச் சிப்பாய் செய்தால், 69-வது பிரிவின்படி ராணுவக் கோர்ட்டே விசாரிக்கலாம். அங்கே உச்சவரம்பு 7 வருடம். சாதாரண கோர்ட்டா, ராணுவக் கோர்ட்டா என்பதை முதலில் முடிவு செய்வது மேலதிகாரிதான். பணிநீக்கமும் அந்தக் கோர்ட் கொடுக்கக்கூடிய தண்டனைகளில் ஒன்று.

அவ்வளவு தூரம் போகாமலும் முடியலாம். கமாண்டிங் ஆபீசரே 28 நாள் வரை காவலில் வைக்கலாம். ஆனால் அந்தத் தண்டனையும், ராணுவத்தில் ‘சிவப்பு மை’ என்று சொல்லும் பதிவாக, சர்வீஸ் ரெக்கார்டில் ஏறும். நாளைக்கு சிப்பாயிலிருந்து நாயக் என்ற மேல் பதவிக்கு உயர்வு வரும்போது அதைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது அந்தப் பென்டிரைவ்தான். செல் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் சொருகி எடுக்கிறார்கள்! அதிலிருந்து வைரஸ் ஒட்டிக்கொண்டு வந்து, பையன் அதை யூனிட் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டால், பாட்டு விஷயம் பின்னால் போய், பாதுகாப்பு உத்தரவை மீறினான் என்ற கேள்வி முன்னால் வரும். ராணுவம் இதில் எவ்வளவு கண்டிப்பு என்பதற்கு, 2020 ஜூலையில் 89 ஆப்களை போனிலிருந்து நீக்கச் சொன்னதே போதும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மொரப்பூரில் ரயில் ஏறுவதற்குள் பென்டிரைவை முழுக்க அழித்து, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். போனில் இருப்பதும் போகட்டும். பாட்டு வேண்டுமென்றால், யூனிட்டில் அனுமதி உள்ள ஆப்பில் மாதச் சந்தா கட்டிக் கேட்கலாம். ஏற்கெனவே யாருக்காவது கொடுத்து, அதைப் பற்றி விசாரணை தொடங்கியிருந்தால் மட்டும் எதையும் அழிக்கக் கூடாது. அழித்தால் அது தனிக் குற்றமாகிவிடும். அப்போது கேட்பதற்கு உண்மையைச் சொல்லி, எழுத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.