பக்கத்து மனையில் பள்ளம் தோண்டியதில் என் காம்பவுண்டு சுவர் விரிசல் விட்டிருக்கிறது. சட்டப்படி எனக்கு என்ன உரிமை?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. மதுரை ஆனையூரில் சொந்தச் சுவர் விழுந்து இரண்டு வருஷம் அலைந்தவன். "சட்டம் படிக்காமல் எழுதாதே" என்று வருகிறவர்கள் இந்த வரியோடு திரும்பிவிடலாம்.

விரிசல்தான் என்றால் உங்கள் சுவர் இன்னும் நிற்கிறது. என்னைவிட நீங்கள் கொடுத்துவைத்தவர். எங்கள் காம்பவுண்டு 1996-ல் அப்பா கட்டியது. கீழே ஒன்றரை அடி கருங்கல் கட்டு, மேலே நாலரை அங்குலச் செங்கல், பத்தடிக்கு ஒரு பில்லர். பக்கத்தில் அப்போது வெறும் கருவேலங்காடு. 2019 ஐப்பசியில் அங்கே வீடு கட்ட வந்தவர் செப்டிக் டேங்குக்காக எங்கள் சுவரை ஒட்டியே ஜேசிபி வைத்து ஏழடி தோண்டிவிட்டார். ஒன்றரை அடி அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் ஏழடி பள்ளம் என்றால் சுவர் எதன்மேல் நிற்கும்? அப்பா எட்டிப் பார்த்து, "மழைக்காலம்யா, பலகை அடைச்சு சவுக்குக் கம்பு முட்டுக் குடுங்க" என்றார். மேஸ்திரி, "அய்யா, நாளைக்குக் கான்கிரீட் போட்ருவோம், ஒண்ணும் ஆகாது" என்றார். கான்கிரீட் வரவில்லை, மழைதான் நாலு நாள் வந்தது. எங்கள் பக்கம் களிமண். தண்ணீர் குடித்ததும், செங்குத்தாக வெட்டியிருந்த பக்கம் சரிந்து, ராத்திரி இரண்டு மணிக்கு முப்பதடி சுவர் பள்ளத்துக்குள் போய்விட்டது. கூடவே அம்மா வைத்த கறிவேப்பிலை மரமும். நஷ்டக் கணக்கில் மரத்தை எந்த வரியில் எழுதுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"உங்க சுவரே சொத்தை, அதான் விழுந்துச்சு" என்றார் அந்த மனைக்காரர். போலீஸ் ஸ்டேஷனில் "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் வக்கீல் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. 1882-ம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம், இந்திய ஈஸ்மென்ட்ஸ் ஆக்ட், 7-வது பிரிவில் பக்கத்து மண்ணின் தாங்குதலை உங்களுக்கு இயற்கை உரிமையாகத் தருகிறது. ஆனால் அது நிலத்துக்கு மட்டும், அதன்மேல் நீங்கள் ஏற்றிய சுவருக்கு இல்லை. சுவருக்கும் அந்த உரிமை வேண்டுமென்றால் 15-வது பிரிவின்படி 20 வருஷம் இடைஞ்சல் இல்லாமல் நின்றிருக்க வேண்டும், அந்தத் தாங்குதல் பறிபோய் இரண்டு வருஷத்துக்குள் வழக்கும் போட்டாக வேண்டும். எங்களுடையது 23 வருஷச் சுவர், பிழைத்தோம். உங்களுடையது புதுச் சுவர் என்றாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், கவனக்குறைவாகத் தோண்டிச் சேதம் செய்ததற்கு நஷ்டஈடு கேட்பது தனி வழி. பள்ளம் இன்னும் திறந்து கிடந்தால் இடைக்காலத் தடை கேளுங்கள், கூடவே கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுக்கவும் மனுப் போடுங்கள். பள்ளத்தை மூடிவிட்டால் ஏழடியா மூன்றடியா என்று யார் சாட்சி சொல்வது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். சர்வேயர் வந்து அளந்தபோது பின்பக்கம் எங்கள் சுவர்தான் நாலு அங்குலம் அவர் மனைக்குள் இருந்தது! அப்பா அந்தக் காலத்தில் கயிறு பிடித்துக் கட்டியது. அதுவரை தலை நிமிர்ந்து பேசிய எனக்கு அன்றைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆகவே நோட்டீஸ் அனுப்பும் முன்பே பட்டா, மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் எஃப்எம்பி புலப்படம் எடுத்து, அளப்பதற்கும் மனுச் செய்துவிடுங்கள், இப்போது ஆன்லைனிலேயே கொடுக்கலாம். "12 வருஷத்துக்கு மேல் உங்கள் கையிலேயே அனுபவத்தில் இருந்த இடம் என்று வாதாடி அந்த நாலு அங்குலத்தையும் வாங்கியிருக்கலாமே" என்று யாராவது எழுதுவீர்கள். வாங்கியிருக்கலாம். அதற்காகக் கோர்ட் வாசலில் கிடக்க அப்பாவுக்கு மனசில்லை.

இதில் என் சித்தப்பா இருக்கிறாரே, அவருக்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான். அந்த மனைக்காரர் காரிலேயே வந்து இறங்கி, "அக்கம்பக்கம் வேணும்ப்பா, விட்டுக்குடுத்துப் போ" என்று எனக்குப் புத்தி சொன்னார். வாடிப்பட்டியில் எங்கள் பொதுக்கிணற்று மேட்டில் நிற்கும் இரண்டு தென்னையில் ஒரு காயைக்கூட இத்தனை வருஷத்தில் எங்களுக்கு விட்டுக்கொடுக்காத மனிதர். அப்பாவுக்குச் சொந்தத் தம்பி. அன்றைக்குக் காப்பிகூடக் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன், அம்மா கொடுத்துவிட்டார்கள்.

வழக்குப் போட்டு, ஆணையர் வந்து அளந்து, நடுவில் கொரோனா, கடைசியில் 2021-ல் பேசி முடித்தோம். அஸ்திவாரமும் சுவரும் அவர் செலவு, பூச்சு எங்கள் செலவு. நாலு அங்குலம் உள்ளே தள்ளிக் கட்டியாயிற்று. அவர் வாங்கித் தந்த கறிவேப்பிலைக் கன்று இன்னும் இடுப்பு உயரம்தான் வந்திருக்கிறது.

நீங்கள் இன்றைக்கே விரிசலின்மேல் ஸ்கேலை வைத்துத் தேதியோடு போட்டோ எடுங்கள். பள்ளத்துக்குள் டேப்பைத் தொங்கவிட்டும் ஒன்று.