ஒரே பக்கம் பார்க்கும் மூலக்கூறுகள்: பொருளறிவியல் படிக்க விரும்பும் மகனின் தாயாருக்கு

அன்புள்ள அம்மையார் அவர்களுக்கு, வணக்கம்.

தேசிய சேவையை முடிக்கும் தறுவாயில் இருக்கும் உங்கள் மகன், கணினியியலுக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டுப் பொருளறிவியல் (பொருள்களின் உள்ளமைப்பையும் பண்புகளையும் ஆராயும் துறை) படிக்க விரும்புவதாகவும், காரணம் கேட்டால் தொடக்கக் கல்லூரி நாள்களில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பார்த்த ‘மின்சாரம் தரும் பிளாஸ்டிக் படலம்’ பற்றியே பேசுவதாகவும், அது இன்னதென்று புரியாமல், படித்தால் வேலை கிடைக்குமா என்றும் தெரியாமல் எப்படிச் சம்மதிப்பது என்றும் எழுதியிருந்தீர்கள். ஆகவே வேலையைப் பற்றிப் பேசுமுன் அந்தப் படலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் பாதிக் கவலை தீரும். மீதிப் பாதி சரியான இடத்துக்கு நகரும்.

அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் தன்மைக்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். கியூரி சகோதரர்கள் 1880-இல் குவார்ட்ஸ் முதலிய படிகங்களில் அதைக் கண்டார்கள். 1969-இல் ஜப்பானின் ஹெய்ஜி கவாய், பாலிவினைலிடீன் ஃபுளோரைடு என்னும் பாலிமரை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன ஒரு பிளாஸ்டிக்கை, இழுத்து நீட்டி வலுவான மின்புலத்துக்கு உட்படுத்தினால் அதிலும் இவ்விளைவு வலுவாகத் தோன்றுவதைக் காட்டினார். இந்தப் பாலிமரின் சங்கிலியில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒருபுறமும் ஃபுளோரின் அணுக்கள் மறுபுறமும் அமையும்போது, ஒவ்வொரு கண்ணியும் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் கொண்ட ஒரு சிறிய மின் இருமுனை ஆகிறது. ஆனால் அதே சங்கிலி பலவிதமாக அடுக்கப்படலாம். ஆல்ஃபா எனப்படும் படிக அமைப்பில் சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு, அடுத்தடுத்தவை எதிரெதிர்த் திசையில் நிற்பதால் எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பீட்டா அமைப்பில், சிங்கப்பூரின் பாடாங் திடலில் தேசிய தின அணிவகுப்பில் நிற்கும் படைப்பிரிவைப் போல, எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. பொருள் ஒன்றே, ஒன்றில் விளைவு இல்லை, மற்றொன்றில் உண்டு.

உங்கள் மகன் பார்த்தது இந்தப் பாலிமரைப் படலமாக்கும் ஆவிப்படிவு முறை. வெற்றிட அறையில் பாலிமரைச் சூடாக்கும்போது நீண்ட சங்கிலிகள் சிறு துண்டுகளாக அறுந்து ஆவியாக எழும்பி, மேலே வைத்திருக்கும் அடித்தளத்தில் படிகின்றன. கரைப்பான் தேவையில்லை என்பதோடு, அடித்தளத்தின் வெப்பநிலை, படியும் வேகம், வளரும்போதே செலுத்தும் மின்புலம் ஆகியவற்றை மாற்றி மூலக்கூறுகள் எப்படி அமர வேண்டும் என்று ஓரளவு நாமே தீர்மானிக்கலாம். மாணவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். பீட்டா அமைப்பு கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. மின் இருமுனை சங்கிலிக்குச் செங்குத்தாக இருப்பதால், சங்கிலிகள் அடித்தளத்தின்மேல் நெட்டுக்குத்தாக நின்றால் இருமுனைகள் படலத்தின் தளத்துக்குள்ளேயே படுத்துவிடும். மேலும் கீழும் மின்முனை வைத்து அழுத்தினாலும் பயன் பெரிதாக இராது. சங்கிலிகள் படுத்திருந்தால்தான் மின்புலத்தால் இருமுனைகளை மேல்நோக்கித் திருப்ப முடியும்.

இதைக் கண்ணால் காண முடியாது, அளந்துதான் அறிய வேண்டும், அளவீடும் ஏமாற்றும். வழக்கமான எக்ஸ் கதிர் அளவீட்டில் அடித்தளத்துக்கு இணையான படிகத் தளங்கள் மட்டுமே தெரியும் என்பதால், மூலக்கூறுகள் நன்றாக ஒழுங்குபட்ட படலத்தில் அளவீட்டு வரைபடத்தில் படிகத்தைக் காட்டும் சில முகடுகள் மறைந்துபோகும். அனுபவமில்லாதவர் அங்கே படிகமே இல்லை என்று எழுதிவிடுவார். அகச்சிவப்பு நிறமாலையில் சென்டிமீட்டருக்கு 840 அலை என்னும் இடத்தில் தோன்றும் வரியைப் பார்த்தவுடன் பீட்டா என்று மகிழ்பவர்கள் உண்டு. காமா என்னும் மற்றொரு படிக அமைப்பும் அங்கேதான் வரி தரும், 1275-ஐ ஒட்டிய வரியையும் பார்த்த பிறகே பீட்டா என்று துணிய வேண்டும். வாரக்கணக்கில் இப்படிச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பது உங்கள் மகனுக்குச் சலிப்பைத் தருமா, ஆவலைத் தருமா என்பதையே நான் முதலில் அறிய விரும்புகிறேன். மதிப்பெண்ணைவிட எனக்கு அது முக்கியம்.

இனி வேலை. இந்தப் பாலிமர் மீயொலி உணர்விகளிலும் நீரடி ஒலிவாங்கிகளிலும் பயன்படுகிறது. அழுத்தத்துக்கு அது தரும் மின்னூட்டம் பீங்கான் வகைப் பொருள்களைவிடப் பல மடங்கு குறைவானாலும், வளையும், நீரோடும் உடல் திசுவோடும் ஒலியளவில் நன்கு பொருந்தும். ஆயினும் இதை மட்டுமே நம்பிச் சிங்கப்பூரில் வேலை தேடுவது குறுகிய வாசலில் நிற்பதாகும். அழுத்தமின் நுண்கருவித் தொழிலின் பெரும்பகுதி பீங்கான் வகைப் படலங்களையே சார்ந்திருக்கிறது. மேலும் இது ஃபுளோரின் சேர்ந்த பாலிமர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-இல் முன்வைக்கப்பட்ட கட்டுப்பாட்டுத் திட்டம் இந்த வகைப் பொருள்களையும் தொடுகிறது. ஒரே பொருளோடு வாழ்க்கையைக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆனால் அந்தப் படலத்தைச் செய்யக் கற்ற கை வேறு. வெற்றிட அறையை இயக்குவதும், மெல்லிய படலத்தை வளர்ப்பதும், எக்ஸ் கதிரால் அதைச் சோதிப்பதும் இங்குள்ள சில்லுத் தொழிற்சாலைகளில் அன்றாட வேலைகள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் பொருளறிவியலுக்குத் தனித் துறைகள் உள்ளன. ஆய்வில் நீடிக்க விரும்பினால் அரசு ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரின் பொருள் ஆய்வு, பொறியியல் கழகம் இருக்கிறது. முனைவர் பட்டம் இல்லாமல் ஆய்வாளர் பதவியில் உயர்வது கடினம் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். உபகாரச் சம்பளம் கிடைத்தால், பணிபுரிய வேண்டிய ஒப்பந்தக் காலத்தை நீங்களும் அவரும் சேர்ந்து வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கணினியியல் இடத்தை இப்போதே கைவிட வேண்டாம். பல்கலைக்கழகத் திறந்த நாளுக்கு அவரோடு நீங்களும் சென்று, இளநிலை மாணவர்கள் எந்த ஆண்டிலிருந்து படிவு அறையையும் எக்ஸ் கதிர்க் கருவியையும் தாமே இயக்க அனுமதிக்கப்படுகிறார்கள் என்று துறையினரிடம் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை எனக்கு எழுதியனுப்பினால், அதை வைத்து நாம் மூவரும் உட்கார்ந்து பேசலாம்.