இருபது பிராங்க் கடிகாரம் (கடிதம்)

அன்புள்ள சார்,

அரியர் பணம் வந்ததும் நெடுநாள் ஆசையாக ஒரு சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் (பேட்டரி இல்லாமல், கை அசைவிலேயே ஸ்பிரிங் சுற்றிக்கொள்வது) வாங்கினேன். லட்சக்கணக்கில் இல்லை, அந்த வரிசையில் அடிப்படியில் இருப்பது. கழற்றி வைத்தாலும் 80 மணி நேரம் ஓடும். ஆனால் தினமும் 12 விநாடி முந்துகிறது. ஆபீசில் ஒருவர் தன் பேட்டரி வாட்சைக் காட்டிச் சிரிக்கிறார். வாட்ச் விஷயம் தெரிந்த இன்னொருவர், "இதெல்லாம் மெஷின் கோத்தது, உள்ளே பிளாஸ்டிக்கூட இருக்கும். அசல் சுவிஸ் வாட்ச் என்றால் கையால் செய்வது" என்கிறார். நேரமும் துல்லியமில்லை, கைவேலையும் இல்லை என்றால் நான் எதற்குப் பணம் கொடுத்தேன்?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

சிரித்தவர் சொல்வது சரி. பேட்டரி வாட்சுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்துக்கு 15 விநாடி தவறினாலே அதிகம். அதோடு எந்த ஸ்பிரிங் வாட்சும் போட்டி போட முடியாது, அது எத்தனை லட்சமானாலும். ஆனால் உங்கள் 12 விநாடியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வகை வாட்ச் விநாடிக்கு 6 முறை துடிக்கிறது. நாளுக்கு 5,18,400 துடிப்பு. அதில் 72 கூடிவிட்டது, அவ்வளவுதான். துல்லியத்துக்குச் சான்றிதழ் பெற்ற சுவிஸ் வாட்சுகளுக்கே (க்ரோனோமீட்டர் என்பார்கள்) நாளொன்றுக்கு 4 விநாடி பிந்தலாம், 6 விநாடி முந்தலாம் என்று சராசரி வரம்பு வைத்திருக்கிறார்கள். சான்றிதழ் இல்லாத வாட்ச் 12 விநாடி முந்துவதைக் கோளாறு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எனக்கு ஒத்துவராதது இரண்டாமவர் பேச்சுதான். பனிமலை, ஜன்னலோர மேஜை, கண்ணில் லென்ஸ் செருகிய பெரியவர் என்பதெல்லாம் விளம்பரப் படம். மிக விலை உயர்ந்த சிலவற்றுக்கு அது பொருந்தலாம். 'ஸ்விஸ் மேட்' என்று டயலில் போட சட்டம் கைவேலையைக் கேட்பதில்லை. மூவ்மென்ட், அதாவது உள்ளே ஓடும் எந்திரம், சுவிஸ் மூவ்மென்டாக இருக்க வேண்டும், அது கேஸ் என்கிற வெளிக்கூட்டுக்குள் அங்கேயே பொருத்தப்பட வேண்டும், கடைசிச் சோதனையும் அங்கே நடக்க வேண்டும், 2017 முதல் உற்பத்திச் செலவில் 60 சதவீதமாவது அந்த நாட்டில் ஆகியிருக்க வேண்டும். மெஷின் கோத்ததா, மனிதர் கோத்தாரா என்ற பேச்சே அதில் இல்லை.

விலை குறைந்த சுவிஸ் வாட்ச் இன்றைக்கு முளைத்ததும் இல்லை. 1860களில் லா ஷோ-து-ஃபோன் என்ற சுவிஸ் கடிகார ஊரில் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ரோஸ்கோஃப் என்பவர் 20 பிராங்குக்கு ஒரு நல்ல கடிகாரம் விற்க வேண்டும் என்று கிளம்பினார். சாதாரணத் தொழிலாளிக்கு அது ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. உறுப்புகளை 57ஆகக் குறைத்தார். நடுச்சக்கரத்தையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரிய ஸ்பிரிங் டப்பாவை வைத்தார். முதல் மாடல்களில் நேரம் திருத்தக்கூடத் தனி ஏற்பாடு கிடையாது. கண்ணாடியைத் திறந்து முள்ளை விரலால் தள்ள வேண்டும்! 'பாட்டாளி' என்று பெயர் வைத்தார். ஊர்க் கைவினைஞர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் அன்று சொன்னதைத்தான் உங்கள் ஆபீஸ் நண்பர் இன்று சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ கம்பெனி குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970 வாக்கில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் சுமார் 90,000 பேர் வேலை பார்த்தார்கள். பதினைந்தே வருஷத்தில் அது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. காப்பாற்றியதில் பெரும்பங்கு 1983 மார்ச்சில் வந்த ஸ்வாட்ச் என்ற பிளாஸ்டிக் பேட்டரி வாட்சுக்கு உண்டு. உறுப்புகள் 51. நண்பர் முகம் சுளிக்கும் மெஷினும் பிளாஸ்டிக்கும் இல்லாவிட்டால், அவர் மெச்சும் கைவேலைக் கம்பெனிகளில் எத்தனை மிஞ்சியிருக்கும்? 2013இல் அதே ஸ்வாட்ச், மெஷின்களே கோத்த 51 உறுப்பு ஆட்டோமேட்டிக் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே வருத்தம், அதை ரிப்பேர் கடையில் பிரித்துச் சரிசெய்ய வழியில்லை.

80 மணி நேரம் என்றதும் உங்கள் வாட்சின் குடும்பம் தெரிந்துவிட்டது. ஈடிஏ என்ற சுவிஸ் கம்பெனியின் 2824 என்ற பழைய, நம்பகமான மூவ்மென்டின் வழியில் வந்தது. மூத்தது மணிக்கு 28,800 துடிப்பு, 38 மணி நேர ஓட்டம். துடிப்பை 21,600 ஆக்கி, ஸ்பிரிங் சுற்றும் தண்டை மெலிதாக்கி, அதே இடத்தில் நீளமான ஸ்பிரிங்கை அடைத்துத்தான் 80 மணி நேரத்தை எட்டினார்கள். வெள்ளி இரவு கழற்றினால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும். சில வகைகளில் பிளாஸ்டிக் உறுப்பும் உண்டு. அதைக் காந்தம் பிடிக்காது. எனக்கு இது சாமர்த்தியமாகத்தான் படுகிறது. நீங்கள் பணம் கொடுத்தது இந்த மாதிரி யோசனைகளுக்கு.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். 2824இல் ஒரு சின்ன நெம்பை நகர்த்தி ரிப்பேர் கடைக்காரரே வேகத்தைத் திருத்திவிடுவார். உங்களுடையதில் அந்த நெம்பு இல்லை. ஃபேக்டரியிலேயே லேசர் வைத்துச் சரிசெய்து அனுப்புகிறார்கள். அதனால் இப்போதைக்குத் தெரு முனைக் கடையில் திறக்கக் கொடுக்காதீர்கள். இரவில் டயல் மேலே பார்க்க வைத்தால் ஒரு வேகம், பக்கவாட்டில் நிறுத்தி வைத்தால் வேறு வேகம் இருக்கும். சில நாள் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், சில விநாடி அதிலேயே குறையலாம். திடீரென்று நிமிஷக் கணக்கில் முந்தினால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பீக்கர், பையின் காந்தப் பூட்டு எதுவும் காரணமாகலாம். அதை நீக்குவது கடையில் ஒரு நிமிஷ வேலை, வாட்சைத் திறக்கவே வேண்டாம். இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை தேதியைத் திருப்பாமல் இருப்பது நல்லது.

பிள்ளைக்கு விட்டுப் போகும் சொத்து, விலை ஏறும் முதலீடு என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். இந்த விலை வாட்ச் கடை வாசலைத் தாண்டியதுமே மதிப்பு குறைந்துவிடும். சில வருஷம் கழித்து சர்வீஸ் செலவு வேறு வரும், அது வாங்கிய விலையில் கணிசமான பங்காக இருக்கும். வாரன்டி அட்டையில் கடைக்காரர் தேதி எழுதி முத்திரை போட்டிருக்கிறாரா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.