கேள்வி – பதில்: மருமகன்கள் ஆண்ட ரோம்

போன மாதம் குளச்சல் போரைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் ‘ரோமில் நடந்த மாதிரி’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு பதினாறு கடிதங்கள். முப்பத்தொரு வருஷம் வரலாறு நடத்திய வாத்தியாரிடம் ரோமைப் பற்றிக் கேட்டால் சின்னதாகப் பதில் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போட்டால் தெருவில் கேலி செய்கிறார்கள் என்று இரண்டு பேர் சொன்னதால், இந்த முறை ஊர் மட்டும்.

தக்கலை: ரோமில் குடியரசு வருவதற்கு முன் ஏழு ராஜாக்கள் ஆண்டார்களாமே. அப்பாவுக்குப் பிறகு மகன் என்றுதான் பட்டம் வந்ததா?

ஒரு தடவைகூட அப்படி வரவில்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

கி.மு. 753-இல் ரோமுலஸ் ஊரை உண்டாக்கினான் என்பது ரோமர்கள் சொல்லும் மரபு. அப்புறம் நூமா, துல்லஸ், ஆங்கஸ், மூத்த தார்குவின், செர்வியஸ், கடைசியில் ‘அகங்காரி’ என்று பட்டப்பெயர் வாங்கிய இன்னொரு தார்குவின். ராஜா இறந்தால் செனட் சபையும் மக்களும் சேர்ந்து அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நூமாவை வெளியூரிலிருந்து கூப்பிட்டு வந்தார்கள். ஆங்கஸ், நூமாவின் மகள் வயிற்றுப் பேரன். செர்வியஸ், மூத்த தார்குவினின் மகளைக் கட்டியவர். கடைசி ராஜா, செர்வியஸின் மகளைக் கட்டியவர்.

திருவிதாங்கூர் மருமக்கத்தாயத்தில் மருமகன் என்றால் சகோதரி மகன்; ரோமில் மகளின் புருஷன். தமிழில் இரண்டு பேருக்கும் ஒரே சொல். இரண்டு இடத்திலும் தலைவலியும் ஒன்றுதான்: விலக்கப்பட்ட மகன்கள் சும்மா இருப்பார்களா? இங்கே ராமவர்மா ராஜாவின் மகன்களான தம்பிமார் பட்டம் கேட்டு எழும்பி, பட்டத்துக்கு வந்த மருமகன் மார்த்தாண்டவர்மாவிடம் உயிரை விட்டார்கள். அங்கே மூத்த தார்குவின், ஆங்கஸின் மகன்களை வேட்டைக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்புவதற்குள் தன்னைத் தேர்ந்தெடுக்க வைத்துக்கொண்டார். அவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்து, இரண்டு இடையர்களை ஏவி அவரைக் கோடரியால் வெட்டவைத்தார்கள்.

அப்போதும் பட்டம் கிடைக்கவில்லை. ராணி தனக்வில் மாடி ஜன்னலைத் திறந்து, ராஜாவுக்குக் காயம்தான், குணமாகும்வரை செர்வியஸ் சொல்வதைக் கேளுங்கள் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டாள். செத்தவரைச் சாகாதவராக வைத்திருந்த அந்தச் சில நாளில் மருமகன் ஆசனத்தில் நன்றாக உட்கார்ந்துகொண்டார். இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைக்கும்!

செர்வியஸுக்குக் கிடைத்த மருமகன்தான் சரியில்லை. கிழவரைச் செனட் மண்டபப் படிக்கட்டிலிருந்து தூக்கி எறிந்தான். அவன் ஆட்கள் அவரைத் தெருவில் வைத்துக் கொன்றார்கள். பெற்ற மகள் துல்லியா அந்த உடல்மேல் வண்டியை ஓட்டிப் போனாள். அந்தத் தெருவுக்குப் பாதகத் தெரு என்றே பெயர் நின்றுவிட்டது.

எல்லாம் நடந்ததா என்று கேட்டால், ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஏழு பேர், 244 வருஷம். ஆளுக்குச் சராசரி 35. இவ்வளவு கோடரி விழுந்த ஊரில் அது நம்பும்படி இல்லை. இதையெல்லாம் விரிவாக எழுதிய லிவி, செர்வியஸுக்கு ஐந்நூறு வருஷம் பிந்தியவர். பரீட்சையில் எழுதலாம், சத்தியம் செய்ய வேண்டாம்.

இரணியல், கல்லூரி மாணவர்: ராஜாவை விரட்டிய புரூட்டஸும் சீசரைக் குத்திய புரூட்டஸும் ஒரே ஆளா சார்?

இல்லை தம்பி, நடுவில் 465 வருஷம் இருக்கிறது. முந்தியவர் லூசியஸ் ஜூனியஸ் புரூட்டஸ். கடைசி தார்குவினின் சகோதரி மகன். அதாவது நம் ஊர்க் கணக்குப்படி பட்டத்து வாரிசே அவர்தான்! தன் அண்ணனை மாமன் கொன்றதைப் பார்த்து, உயிர் பிழைக்க மந்தன் போல நடித்தார். புரூட்டஸ் என்றாலே மந்தன். ராஜாவின் மகன் லுக்ரீஷியா என்ற பெண்ணைக் கெடுத்து, அவள் குத்திக்கொண்டு செத்தபோது, அந்தக் கத்தியைப் பிடுங்கிச் சத்தியம் செய்தவர் இந்த மந்தன்தான். கி.மு. 509-இல் ராஜா போனார். ராஜாவுக்குப் பதில் கான்சல் என்ற தலைமை ஆட்சியாளர்கள் இரண்டு பேர், ஒரே வருஷப் பதவி என்று ஆயிற்று. ராஜாவைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்த தன் இரண்டு மகன்களுக்கும் மரண தண்டனை கொடுத்து, நின்று பார்த்தார்.

பிந்தியவர் அந்த வம்சம் என்று சொல்லிக்கொண்டார். ‘நீ இப்போது இருந்திருக்கக் கூடாதா’ என்று பழைய புரூட்டஸின் சிலையில் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். கி.மு. 44 மார்ச் 15-இல் சீசரைக் குத்தியதற்கு அந்தக் கிறுக்கலும் ஒரு காரணம்.

சுசீந்திரம்: வாத்து ரோமைக் காப்பாற்றியது உண்மையா?

நம் வயலில் அறுப்பு முடிந்ததும் இறக்கிவிடும் வாத்து இல்லை, ஜூனோ கோயிலின் பெருவாத்து. வடக்கிலிருந்து வந்த கால் (Gaul) இனத்தார் கி.மு. 390-இல் ஊரைக் கொளுத்திவிட்டு, ராத்திரி காபிட்டோல் குன்றில் ஏறினார்கள். நாய் குரைக்கவில்லை, வாத்து கத்தியது. மான்லியஸ் என்ற ரோம வீரர் எழுந்து ஓடி, ஏறியவர்களைத் தள்ளிவிட்டார். அதே மான்லியஸ் கடனாளி ஏழைகளுக்காகப் பேசியதும், ராஜாவாகப் பார்க்கிறான் என்று குற்றம் சாட்டி அதே குன்றின் பாறையிலிருந்து அவரைத் தள்ளினார்கள். ராஜா என்ற சொல் அவர்களுக்கு அவ்வளவு ஆகாது.

மார்த்தாண்டம், ரப்பர் விவசாயி: நில உச்சவரம்பு கொண்டுவந்த கிராக்கஸ் சகோதரர்களைக் கொன்றது யார்?

மூத்தவரைக் கொன்றவர்களுக்குத் தலைமை தாங்கியது அவருடைய சொந்தப் பெரியம்மா மகன். டைபீரியஸ் கிராக்கஸ் பெரிய வீட்டுப் பிள்ளை. ஹானிபாலைத் தோற்கடித்த சிப்பியோவின் பேரன். போருக்குப் போகும் வழியில் எட்ரூரியாவைப் பார்த்தார். குடியானவன் இல்லை, எங்கும் வெளிநாட்டு அடிமைகள்தான் உழுதுகொண்டிருந்தார்கள். கி.மு. 133-இல் மக்கள் தீர்ப்பாளராகி (சாதாரண மக்களின் சார்பில் தேர்ந்தெடுக்கப்படும் பதவி அது), அரசுப் புறம்போக்கில் ஒருவர் 500 யூகேரா வரைதான் வைத்திருக்கலாம், மிச்சத்தை ஏழைகளுக்குப் பிரித்துக்கொடு என்றார். ஏறக்குறைய 300 ஏக்கர். நம் கணக்கில் முப்பதாயிரம் சென்ட்! அதுவே போதாது என்றார்கள் செனட்காரர்கள்.

உடன் தீர்ப்பாளர் ஒருவர் தடுத்தார். வாக்கெடுத்து அவரைப் பதவியிலிருந்து இறக்கினார் டைபீரியஸ். அதற்கு முன் யாரும் செய்யாத காரியம். அடுத்த வருஷமும் நிற்கப் போனபோது, அந்தப் பெரியம்மா மகன் நாசிகாவின் தலைமையில் செனட்டர்கள் பெஞ்சுக் காலை உடைத்துக்கொண்டு வந்தார்கள். முந்நூறுக்கு மேல் பிணம். இதை எழுதிய கிரேக்க ஆசிரியர் புளுடார்க் ரொம்பப் பிந்தியவர். அவர் சொல்வது: ஒன்றிலும் இரும்புக் காயம் இல்லை, எல்லாம் தடியடியும் கல்லடியும்.

தம்பி காயஸுக்கு கி.மு. 121-இல் அதே கதி. அவர் தலையைக் கொண்டுவந்தால் எடைக்கு எடை பொன் என்று கான்சல் அறிவித்தார். கொண்டுவந்தவன் மூளையை எடுத்துவிட்டு ஈயத்தை ஊற்றியிருந்தான். ஒட்டுப்பாலில் கல்லை வைத்து எடை ஏற்றும் வித்தை உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டாம்.

குளச்சல்: குடியரசை ஒழித்த முதல் பேரரசர் சீசர்தானே?

பேரரசர் இல்லை. ஒழித்ததும் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

எங்கள் வாசகசாலையில் செயலாளர் பதவி ஒரு வருஷம்தான். ஒரு மழைக்காலத்தில் ஓடு மாற்றும் வேலை பாதியில் கிடந்தது. ‘வேலை முடியட்டும், இவரே இருக்கட்டும்’ என்று கை தூக்கினோம். நானும் தூக்கினேன். ஓடு மாற்றி ஒன்பது வருஷம் ஆகிறது, அவரேதான் செயலாளர்.

ரோமில் அந்த ஓடு வேலை, வடக்கிலிருந்து வந்த சிம்ப்ரி இனத்தாரின் படையெடுப்பு. ஒரு தடவை கான்சலாக இருந்தவர் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மாரியஸ் என்ற தளபதி கி.மு. 104 முதல் 100 வரை தொடர்ந்து ஐந்து தடவை இருந்தார். நிலம் இல்லாதவர்களையும் படையில் சேர்த்தவர் அவர். சிப்பாய் தன் நிலத்துக்குத் தளபதியின் கையைப் பார்க்க ஆரம்பித்தான். கி.மு. 88-இல் சுல்லா என்ற தளபதி அந்த மாதிரிப் படையோடு சொந்த ஊருக்குள்ளேயே புகுந்தார். சர்வாதிகாரி பதவி ஆறு மாதத்துக்குத்தான். ஏரைப் போட்டுவிட்டு வந்த சின்சினாட்டஸ் பதினாறே நாளில் இறங்கி வீட்டுக்குப் போனாராம். சுல்லாவுக்குக் காலக்கெடுவே இல்லை. கொல்லவேண்டியவர் பட்டியலை ஊர் நடுவில் ஒட்டினார். என்ன நினைத்தாரோ, பிறகு தானாகவே விலகினார். பாம்பே (Pompey) என்ற இன்னொரு தளபதி கீழ்ப்பதவி எதிலும் இல்லாமல் 35 வயதில் கான்சல், கி.மு. 52-இல் துணைக்கு ஆள் இல்லாத ஒற்றைக் கான்சல். ஒவ்வொன்றுக்கும் அந்த நேரத்தில் நல்ல காரணம் இருந்தது. சீசர் கி.மு. 49-இல் ரூபிகான் ஆற்றைத் தாண்டியபோது பாதை ஏற்கெனவே தேய்ந்து கிடந்தது. ஆயுள் சர்வாதிகாரி ஆனார், 23 குத்து வாங்கினார். பேரரசு வந்தது அவர் தத்துப்பிள்ளை அகஸ்டஸ் காலத்தில், கி.மு. 27-இல். அவரும் ராஜா என்ற பெயரைத் தொடவில்லை.

கன்னியாகுமரி: இவர்களுக்கு நம் முனையைத் தெரியுமா?

குடியரசு முடிந்த பிறகு நன்றாகவே தெரியும். பாண்டிய அரசன் அகஸ்டஸுக்குப் பரிசுகள் அனுப்பியதைக் கிரேக்கப் புவியியல் ஆசிரியர் ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். அடுத்த நூற்றாண்டில் எரித்ரேயன் கடல் பயணக் குறிப்பை எழுதிய கிரேக்க வணிகர் ‘கொமரி’ என்றே பெயர் சொல்கிறார். துறவு பூண நினைக்கும் ஆண்களும் பெண்களும் அங்கே வந்து நீராடித் தங்குவார்கள், முன்பு ஒரு தேவியும் அங்கே தங்கி நீராடினாளாம் என்று எழுதியிருக்கிறார். அறை வாடகை எவ்வளவு என்றுதான் எழுதவில்லை.